பாலம் கொஞ்சம் நீளம்

வலது கையை வேதப் புத்தகத்தின் மீதும் இடது கையைக் கிளைவின் கார்க் குறிப்பேட்டின் மீதும் வைத்து முதலிலேயே சத்தியம் செய்துவிடுவது நல்லது: இதில் வருவதெல்லாம் நடந்தது நடந்தபடி. ஒரு சொல்லும் கூட்டவில்லை. குறைத்ததுண்டு, அது வாசிப்பவர்களின் நேரத்தை நினைத்து. 1993 முதல் 1998 வரை, யேசுராசா ஏறிய ஒவ்வொரு முறையும் ஆக்லாந்துத் துறைமுகப் பாலம் நீண்டது. மற்ற நாட்களில் அது ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். யேசுராசா காரில் இருந்தால் முப்பத்தேழு கிலோமீட்டர் போனாலும் நடுப்பாகம் வராது. கிளைவின் நீல நிற நிசானின் மீட்டர் அப்படித்தான் காட்டியது, கிளைவும் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினார். இதை நம்ப முடியாது என்கிறவர்கள், 1998-இல் இதே நகரத்தின் நடுப்பகுதி ஐந்து வாரம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மட்டும் எப்படி நம்புகிறார்களோ தெரியாது.

யேசுராசா மன்னார்த் தீவுக்காரர். ஆக்லாந்தின் தென்கரையில், பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில், மனைவி புஷ்பமலருடன் குடியிருந்தார், அலுமாரி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. சத்தம் போட்டுப் பேசாதவர், ஞாயிறு பூசை தவறாதவர், பாலம் ஒன்றைத் தவிர அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தக் குறைக்கும் காரணம் எல்லோருக்கும் தெரியும். 1990-இல் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் பாலம் உடைந்தது. யார் உடைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு, இந்த வரலாற்றுக்கு அது தேவையில்லை. அன்று காலை யேசுராசா தன் தம்பி டெஸ்மனைத் தீவுப் பக்கத்தில் ஒரு சைக்கிளோடும் ஒரு தையல் மிசினோடும் நிறுத்தி, "நில், லொறி பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்து பாலத்தைக் கடந்தார். லொறி கிடைக்கவில்லை. திரும்பி வந்தார். பாதி தூரம் வந்தபோது அவருக்கு முன்னால் பாலம் இல்லாமல் போனது. வந்த வழியே ஓடினார். ஓடியவர் கொழும்பில் போய் நின்றார், 1991-இல் ஆக்லாந்தில் வந்து நின்றார். ஆனால் பாலத்தைப் பொறுத்தவரை அவர் அதை இன்னும் கடந்து முடிக்கவில்லை. பாலங்களுக்கு இந்த மாதிரி விஷயங்கள் எப்படியோ தெரிந்துவிடுகின்றன. ஒன்றை முடிக்காதவனுக்கு இன்னொன்று தன் முடிவைக் காட்டுவதில்லை.

டெஸ்மன் படகில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இரண்டு வருடம் இருந்து, நோர்த்கோட் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் தயவில் 1993-இல் ஆக்லாந்துக்கு வந்தார். தேவாலயத்துக்காரர்கள் விமான நிலையத்திலிருந்து அவரை ஒரு வான் வண்டியில் ஏற்றி, பாலத்தைக் கடந்து, நேரே வடகரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ஆகவே தெற்கே அண்ணன், வடக்கே தம்பி, நடுவில் கடலும் பாலமும். மன்னாரில் இருந்த அதே ஏற்பாடு, திசை மட்டும் வேறு. புஷ்பமலர் போன் எடுத்து, ஒருநாள் இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். டெஸ்மன் மரியாதையாக மறுத்தார். "அண்ணை நிக்கச் சொன்னவர், மச்சாள். நான் நிக்கிறன். வாறன் எண்டவர்தான் வரோணும்." அவர் வாஷிங் மெஷின் திருத்துகிற வேலை செய்தார், பாலத்துக்குத் தெற்கே ஒரு மெஷினையும் தொட்டதில்லை. ஆக்லாந்துக்குள் போன் பேசுவது இலவசம் என்பதால் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அண்ணனும் தம்பியும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். கிரிக்கெட், மீன், முழங்கால் வலி எல்லாம் வந்தது. பாலம் வந்ததில்லை.

யேசுராசா முயலாமல் இல்லை. முதல் தடவை கிளைவ்தான் கூட்டிப்போனார். கிளைவ் அடுத்த தெருக்காரர், யாழ்ப்பாணத்து ஆள், எந்தக் காரியத்துக்கும் "நான் வாறன்" என்று முதலில் சொல்லுகிறவர். பாலத்தில் ஏறி ஐம்பது நிமிடம் ஓட்டிய பிறகும் வலப்பக்கத்தில் அதே பாய்மரப் படகு நின்றது. மற்றக் கார்கள் பக்கத்தில் வழக்கம்போல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன, சிலர் ஹோர்ன் அடித்தார்கள். பெட்ரோல் முடிந்து கார் நின்றது. இழுவை லொறிக்காரன் வந்து, அவர்களைப் பின்பக்கமாக நகரக் கரைக்கு இழுத்தான். பின்பக்கம் ஒரு நிமிடம்தான் எடுத்தது. பாலத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குக் கிளைவ் கடிதம் எழுதினார், வெயிலுக்கு இரும்பு சற்று விரியும் என்று பதில் வந்தது. பிறகு மேற்கே மாசி என்ற புறநகர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று பார்த்தார்கள். அந்த வழியில் பன்னிரண்டு அடி நீளத்தில் ஓர் ஓடைப் பாலம் உண்டு. அதில் இரண்டு மணித்தியாலம் ஓடினார்கள். ஓடைக்கரையில் ஒரு வாத்து முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கும்வரை பார்த்துவிட்டு, கிளைவ் ரிவர்ஸ் எடுத்தார். படகில் போகலாம் என்று துறைமுகத்துக்குப் போனால் இறங்குதுறையும் பாதிப் பாலம்தானே, அது நீண்டது, படகு போய்விட்டது. கடைசியாகப் புஷ்பமலர் ஒரு தூக்க மாத்திரை கொடுத்து அவரைப் பின்சீட்டில் கிடத்தினார். தூக்கத்தில் யேசுராசா "நில், வாறன்" என்று கத்தினார், பாலம் முன்னைவிட மோசமாக நீண்டது. அன்றைக்கு மீட்டரில் வந்த எண்ணைக் கிளைவ் எழுத மறுத்துவிட்டார். எழுதினால் யாரும் நம்பமாட்டார்களாம்.

இப்படியே ஐந்து வருடம் போயிருக்கும், இன்னும் ஐந்து வருடமும் போயிருக்கும், டெஸ்மனுக்குக் கல்யாணம் சரிவராமல் இருந்திருந்தால். 1998 ஜூலையில் சரிவந்தது. மணமகள் அனோஜா, கொழும்பிலிருந்து அக்கா வீட்டுக்கு விசிட் விசாவில் வந்தவர், டெஸ்மன் அந்த வீட்டு மெஷினைத் திருத்தப் போன இடத்தில் பழக்கம். விசா டிசம்பர் பத்தாம் தேதியோடு முடிகிறது. நவம்பர் இருபத்தொன்பதில் திருவருகைக் காலம் தொடங்குகிறது, தொடங்கினால் கிறிஸ்மஸ் முடியும்வரை எங்கள் ஆட்கள் கோயிலில் தாலி கட்டுவதில்லை. ஆகவே நவம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை, காலை பத்து மணி, நோர்த்கோட் கோயில். தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும். டெஸ்மன் சொன்னது ஒன்றுதான்: "அண்ணை வந்தாத்தான் நான் உள்ளுக்குப் போவன். அதுவரைக்கும் வாசல்ல நிப்பன்." அவர் நிற்பதில் எவ்வளவு தேர்ந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அனோஜா தானே யேசுராசாவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் வராட்டி நான் பிளேன் ஏறுவன். இந்த மனுசன் வாசல்லயே நிண்டு நரைச்சுப் போகும். எனக்கென்ன தலையெழுத்தே, வாசல் கேற்றைக் கலியாணம் கட்ட?"

யேசுராசா போனை வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே கிளைவ் வீட்டுக்குப் போனார் என்று புஷ்பமலர் சொல்லியிருக்கிறார்.

வழி காட்டியது கிளைவ்தான். பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில், பேக்கரிக்கு மேல்மாடியில், யுவனேஸ்வரி என்றொரு பெண் ஹிப்னோதெரபி செய்துவந்தார். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர், பல் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, ஊசிக்குப் பயந்தவர்களைப் பேசியே அமைதிப்படுத்திப் பழகி, பிறகு அதையே முறையாகப் படித்து வந்தவர். கிளைவ் அவரிடம் மூன்று தரம் போய்ச் சிகரெட்டை விட்டிருந்தார். "சத்தியமாச் சொல்லுறன் மச்சான், சிகரெட் எண்டதே மறந்து போச்சு. என்ன, லைட்டரை எங்க வைச்சனெண்டும் மறந்து போச்சு."

யேசுராசா ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை போனார். கத்தோலிக்கருக்கு அமைதியான அறையும், தாழ்ந்த குரலும், மனதில் உள்ளதைச் சொல்லச் சொல்லும் ஆளும் ஒன்றாகச் சேர்ந்தால் அது ஒன்றாகத்தான் இருக்க முடியும். காலையில் சாப்பிடாமல், வெள்ளைச் சட்டை போட்டு, செபமாலையுடன் போனவர், பழுப்பு நிறச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, போன பாவசங்கீர்த்தனம் செய்து ஆறு வாரம் ஆகிறது என்று தொடங்கினார். யுவனேஸ்வரி திருநீற்று நெற்றியோடு ஒரு கணம் திகைத்து, அவரைக் கைபிடித்து எழுப்பி உட்காரவைத்தார்.

"அங்கிள், என்கிட்ட பாவமெல்லாம் சொல்ல வேணாம் லா. எனக்கு மன்னிக்கிற பவர் இல்ல. முதல்ல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

நாற்பத்தாறு வயதில் தன்னை அங்கிள் என்றது யேசுராசாவுக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனால் கீழே பேக்கரியிலிருந்து ஒரு பன் வந்தது, சாப்பிட்டார். துணைக்கு வந்த புஷ்பமலர் எழும்புவதாக இல்லை. மயக்கத்தில் புருஷன் எதையாவது உளறினால் அதைக் கேட்கத் தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். குறிப்பாக 1979-ஆம் ஆண்டைப் பற்றி.

"இஞ்ச பாருங்கோ பிள்ளை, மயங்கினாப் பிறகு இவர் உண்மைதான் சொல்லுவாரோ?"

"மயக்கமே இல்லீங்க ஆன்ட்டி. தூங்கவும் மாட்டாரு. நான் பேசுறது காதுல விழும், கீழ ரொட்டி வெட்டுற மெஷின் சத்தமும் விழும். பிடிக்கலன்னா எழுந்து வீட்டுக்குப் போகலாம். அவருக்கு வேணாங்கிறத என்னால செய்ய வைக்க முடியாது. ரகசியம் வெளிய வராது. பொய் சொல்லணும்னு நெனச்சா அந்த நாற்காலியில படுத்துக்கிட்டும் நல்லா பொய் சொல்லலாம்."

"அப்ப இதாலை என்ன பிரயோசனம்?" என்றார் புஷ்பமலர், உண்மையாகவே ஏமாந்துபோய்.

முதல் நாள் எதுவும் நடக்கவில்லை. யுவனேஸ்வரி ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். தூக்கம் எப்படி, என்ன மருந்து எடுக்கிறீர்கள், முன்பு மனநோய் வைத்தியம் ஏதும் உண்டா, பயம் உடம்பில் எங்கே வருகிறது, எது நடந்தால் போதும் என்று நினைப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு யேசுராசா, "தம்பியின்ரை கலியாணத்துக்குப் போகோணும்" என்றார். நான்கைந்து தடவையில் சிலருக்குச் சரிவரும், சிலருக்கு வராமலும் போகும், வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்ன யுவனேஸ்வரி, பாலம் நீளும் விஷயத்தைக் கேட்டுவிட்டு அதையும் ஒரு வரியில் எழுதினார். நகம் கடிப்பதைக் குறித்துக்கொள்ளும் அதே எழுத்தில்.

இரண்டாம் சனிக்கிழமை நாற்காலியைச் சாய்த்தார்கள். நிறுத்த வேண்டும் என்றால் வலது கைச் சுட்டுவிரலைத் தூக்கினால் போதும் என்று ஏற்பாடு. மூச்சைக் கவனிக்கச் சொன்னார், தோளை விடச் சொன்னார், பத்துப் படி இறங்கச் சொன்னார். யேசுராசாவுக்கு எல்லாம் கேட்டது. ரொட்டி மெஷின் கேட்டது, கூட வந்த கிளைவ் மூலையில் குறட்டை விட்டதும் கேட்டது. ஐந்திலிருந்து எண்ணிக் கண்ணைத் திறக்கச் சொன்னபோது, ஒன்றும் பிடிபடவில்லை, பத்து நிமிடம் வீண் என்று நினைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐம்பது நிமிடம் போயிருந்தது. அவருடைய சப்பாத்து இரண்டும் கணுக்கால் வரை நனைந்திருந்தன, கார்ப்பெற்றில் கடல் மணல். யுவனேஸ்வரி தும்புத்தடியால் மணலைக் கூட்டி அள்ளிக்கொண்டே, அடுத்த தரம் பழைய செருப்பு போட்டுவரச் சொன்னார்.

அப்படியாக அந்த நாற்காலியில் படுத்தபடி யேசுராசா மன்னார்ப் பாலத்தில் மீண்டும் நடக்கத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமைக்கு ஏழு விளக்குக் கம்பம், இன்னொரு சனிக்கிழமைக்குப் பதினொன்று. யுவனேஸ்வரி முன்னால் போகவில்லை, இழுக்கவுமில்லை. இப்போது என்ன தெரிகிறது, கால் எப்படி இருக்கிறது, போகலாமா நிற்கலாமா என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். செப்டம்பர் கடைசியில் அவர் உடைந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பாலம் இல்லை, கீழே தண்ணீர், அந்தப் பக்கம் ஒரு சைக்கிளும் ஓர் ஆளும் சின்னதாக. விரல் எழுந்தது. யுவனேஸ்வரி உடனே எண்ணி மேலே கொண்டுவந்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே இடம், அதே விரல். அதற்கடுத்த சனியும் அப்படியே.

"உங்க மனசு அங்க நிக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் லா. தள்ளக்கூடாது. அங்க என்ன வேணும்னு யோசிச்சுப் பாருங்க."

"பாலம் வேணும்" என்றார் யேசுராசா. நாள் போய்க்கொண்டிருந்தது. யுவனேஸ்வரி தன் குரலில் ஒரு கசெற் பதிவுசெய்து, ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம், தினமும் வீட்டில் கேட்கும்படி கொடுத்தார். கார் ஓட்டும்போது கேட்கக்கூடாது என்று அதன் மேல் சிவப்பில் எழுதியிருந்தது.

அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் ஆட்கள் முறைவைத்து வீடுவீடாகக் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். முன்னால் சொல்லித்தருவதற்கு ஆள் பிடிப்பது கஷ்டம், எல்லோருக்கும் வெட்கம். ஆகவே ஊரில் ஒரு கன்னியாஸ்திரி பதிவுசெய்து அனுப்பிய கசெற் ஒன்று பொதுவாக இருந்தது. அது முன்பாதியைச் சொல்லும், கூட்டம் பின்பாதியைச் சொல்லும். அந்த ஆண்டு மூன்றாம் ஞாயிறு மாலை யேசுராசா வீட்டு முறை. இரண்டு கசெற்றும் ஒரே பிஸ்கட் டின்னில் இருந்தன. புஷ்பமலர் கண்ணாடியைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்திருந்தார். இருபத்தொரு பேர் முழங்காலில் நின்றார்கள், பொத்தான் அழுத்தப்பட்டது, அமைதியான ஒரு பெண் குரல் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னது. மூடினார்கள். ஊர்க் கன்னியாஸ்திரி எப்போது மலேசியாவுக்குப் போனார் என்று ஓரிருவர் யோசித்தாலும், செபத்தின் நடுவில் கேள்வி கேட்பது நம்மிடம் இல்லை.

"உங்க தோள் ரெண்டும் கனமாகுது," என்றது கசெற்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது கூட்டம்.

"ஒவ்வொரு படியா கீழ இறங்குறீங்க."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

ஏழாம் படியில் பதில் வருவது நின்றுவிட்டது. இதற்குச் சாட்சி செல்வநாயகி. யேசுராசாவின் பக்கத்து வீட்டுக்காரரான இவர் சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்ததால் படியிறங்கவில்லை. எட்டிப் பார்த்தபோது இருபத்தொரு பேரும் சிலை மாதிரி இருந்தார்கள் என்றும், இப்படியொரு பக்தியை மடு மாதா கோயில் திருவிழாவிலும் தான் கண்டதில்லை என்றும், அதனால் அடுப்பைக் குறைத்துவிட்டுத் தானும் ஒரு அருள்நிறை மரியே சொன்னதாகவும் பின்னால் சொன்னார்.

இறங்கியவர்கள் எல்லோரும் பாலத்தில் இருந்தார்கள். கசெற் யேசுராசாவுக்காகச் செய்தது, அது வேறு எங்கே கொண்டுபோகும்? உடைந்த இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார், மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள், காற்று பலமாக இருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் நல்லசாமி என்றொருவர் இருந்தார். கரூர்க்காரர், எங்கள் வேதத்தைச் சேர்ந்தவர் இல்லை, ரோல்ஸுக்காக வருகிறவர். ஊரில் ஒன்பது வருடம் பாலம் கட்டிய எஞ்சினியர். ஆக்லாந்தில் போகிற இடமெல்லாம் உள்ளூர் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பிவிட்டதால், நான்கு வருடமாக யுவனேஸ்வரியின் அறைக்குக் கீழே அந்தப் பேக்கரியில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். அவர் உடைந்த விளிம்பில் குந்தி, ஒரு கண்ணை மூடி மறுகரையைப் பார்த்தார்.

"பதினெட்டு மீட்டர் வரும். ஆமா, செய்யலாம். ஏன் எல்லாரும் வேடிக்கை பாக்குறீங்க? மரம் எங்க?"

கூட்டத்தில் பாதிப் பேர் யேசுராசாவோடு வேலை செய்கிறவர்கள், அலுமாரிப் பட்டறைக்காரர்களுக்கு மரம் ஒரு பிரச்சினையா. முழங்காலில் நின்று பழகியவர்களுக்குக் குனிந்து வேலை செய்வதும் பிரச்சினையில்லை. புஷ்பமலர் கல் எடுத்துக் கொடுத்தார். கிளைவ் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கசெற்றின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம்தான் என்பது நல்லசாமிக்குத் தெரியாது, ஆனாலும் நாற்பத்துநாலாவது நிமிடத்தில் கடைசிப் பலகை விழுந்தது. "இந்த ஜாயின்ட் மட்டும் அரை இஞ்சு மேல நிக்குது," என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பிளேயரின் பொத்தான் டக்கென்று மேலே வந்தது, எல்லோரும் கண் விழித்தார்கள். கைகளில் சீமெந்து. சிலருக்கு ஆணி குத்தியிருந்தது. கழுவிவிட்டு வந்து, சரியான கசெற்றைப் போட்டு, விட்ட செபமாலையைச் சொல்லி முடித்தார்கள். ரோல்ஸ் ஆறிப்போனதைப் பற்றித்தான் செல்வநாயகிக்குக் குறை. அடுத்த சனிக்கிழமை நடந்ததைக் கேட்ட யுவனேஸ்வரி, கசெற் ஒருவருக்கென்று கொடுப்பது, பலர் கேட்டால் விளைவுக்குத் தான் பொறுப்பில்லை என்றார். பிறகு, பலகை தேக்கா என்று விசாரித்தார்.

நவம்பரில் இரண்டு தடவைதான் தேவைப்பட்டது. யேசுராசா செப்பனிட்ட இடத்தைக் கடந்து, மறுகரைக்கு மூன்று அடி இருக்கும்வரை போனார். சைக்கிளோடு நின்ற டெஸ்மன் முப்பத்துமூன்று வயதில் இருந்தார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யுவனேஸ்வரி மெதுவாகக் கேட்டார். விரல் எழுந்தது. கண் திறந்ததும் யேசுராசா சொன்னார், "அதை நேரிலை சொல்லுறன், பிள்ளை. இஞ்ச சொன்னா முடிஞ்சுபோம்." கல்யாணத்தன்று காரில் கூட வரும்படி புஷ்பமலர் கெஞ்சியும் யுவனேஸ்வரி வரவில்லை. வந்தால் தான் கூட்டிப்போனதாக ஆகிவிடுமாம், போகிறவர் அவர்தானாம்.

நவம்பர் இருபத்தெட்டு காலை எட்டே முக்காலுக்கு நீல நிசான் பாலத்தில் ஏறியது. கிளைவ் ஓட்டினார், பக்கத்தில் கோட்டும் டையுமாக யேசுராசா, பின்னால் மடியில் கேக் பெட்டியோடு புஷ்பமலர். மேடு ஏறத் தொடங்கியதும் பாலம் நீளத் தொடங்கியது. மீட்டரில் இரண்டு கிலோமீட்டர் போனது, மூன்று போனது. இடப்பக்கத்தில் வெள்ளைப் படகு ஒன்று அசையாமல் நின்றது. கிளைவ் ஒன்றும் பேசவில்லை, அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. புஷ்பமலர் செபமாலையை எடுத்தார், பிறகு கேக்கின் மேல் வைத்துவிட்டு, பின்னாலிருந்து புருஷனின் தோளைத் தொட்டு, "கனமா இருக்கோ?" என்று கேட்டார்.

யேசுராசா கண்ணை மூடினார். மூச்சை விட்டார். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கினார். அலுமாரிப் பலகை வாசம் வந்தது, காற்று வந்தது. நாலாவது கிலோமீட்டர் முடியும் இடத்தில் சக்கரத்துக்குக் கீழே டக்கென்று ஒரு சத்தம், அரை இஞ்சு உயரத்தில் கார் ஏறி இறங்கியது. நல்லசாமியின் ஜாயின்ட். அவர் கண்ணைத் திறந்தபோது பாலம் கீழே சரிந்துகொண்டிருந்தது, முன்னால் மரங்களும் ஓட்டுக் கூரைகளும் நோர்த்கோட் என்ற பலகையும் தெரிந்தன.

"இவ்வளவுதானோ?" என்றார். புஷ்பமலர் கேக் பெட்டியில் தலையைச் சாய்த்து அழுதார், ஐசிங்கில் ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கியது. அதைக் கல்யாணப் படங்களில் இன்றும் பார்க்கலாம்.

கோயில் வாசலில் டெஸ்மன் காலை ஆறு மணியிலிருந்து நின்றார். நாற்பத்தொரு வயது, காதோரம் நரைத்திருந்தது. அனோஜாவின் ஆட்கள் தள்ளி நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் நின்றது. யேசுராசா இறங்கி, டையைச் சரிசெய்து, தம்பிக்கு முன்னால் போய் நின்றார்.

"நிண்டனியே?"

"நிண்டன்."

"வந்திட்டன்."

டெஸ்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு வருசம், அண்ணை."

"பாலம் கொஞ்சம் நீளம், தம்பி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டதில் எது யாருடைய கோட் என்று தெரியாமல் போனது. முகத்திரைக்குள்ளிருந்து அனோஜா, "இனியாவது உள்ளுக்கு வருவியளோ, இல்லாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கப்போறியளோ?" என்று கேட்ட பிறகுதான் ஊர்வலம் நகர்ந்தது. தாலி பத்தே காலுக்குக் கட்டப்பட்டது. அடுத்த ஞாயிறு டெஸ்மனும் மனைவியும் பிளாக்ஹவுஸ் பேக்கு வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அதற்கடுத்த வாரமே இந்தப் பக்கத்து வாஷிங் மெஷின்களும் திருத்தப்படத் தொடங்கின.

பாலம் அதற்குப் பிறகு யாருக்கும் நீளவில்லை. அரை இஞ்சு ஜாயின்ட் மட்டும் அப்படியே இருக்கிறது, வடக்கே போகிற எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் தேநீர்க் கோப்பையைக் கையில் தூக்கிப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. நல்லசாமி தன் விண்ணப்பத்தில் பதினெட்டு மீட்டர்ப் பாலம் ஒன்றை நாற்பத்துநாலு நிமிடத்தில் செப்பனிட்டதையும், வேலை நடந்த இடம் பிளாக்ஹவுஸ் பே என்பதையும் எழுதினார். உள்ளூர் அனுபவம்தான், மறுக்க முடியவில்லை, 1999 ஜனவரியில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். யுவனேஸ்வரி புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாளில், நீங்கள் தூங்கமாட்டீர்கள், எல்லாம் கேட்கும், விரும்பியபோது நிறுத்தலாம் என்பதற்குக் கீழே, மாற்றுச் செருப்பு கொண்டுவரவும் என்று ஒரு வரி சேர்த்தார். யாரும் ஏனென்று கேட்டதில்லை, கொண்டுவருகிறார்கள். 1979-இல் என்ன நடந்தது என்பது புஷ்பமலருக்கு இன்னும் தெரியாது.

கிளைவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். அவருக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது, ஆக்லாந்துக்கு வந்த நாள் முதல் பஸ்ஸில்தான் போய்வருகிறார்.